யாசகம் – அன்றும் இன்றும்

கொடுப்பதை வணக்கமாக்கிய மார்க்கம் இஸ்லாம். கேட்பதை வெறுத்த மார்க்கமும் அதுவே. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரண் போலத் தோன்றலாம். ஆழ்ந்து நோக்கினால் இரண்டும் ஒரே தராசின் இரு தட்டுகள் என்பது புலனாகும். ஒரு தட்டைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டதால்தான் நம் பள்ளிவாசல்களின் வாசலிலும், தர்காக்களின் முற்றத்திலும், ரமலான் மாதத்தில் நம் வீட்டுப் படிகளிலும் இன்று காணும் காட்சிகள் உண்டாயின. ஆகவே யாசகம் பற்றி மார்க்கம் கூறுவது என்ன, முன்னோர்கள் எவ்வாறு நடந்தார்கள், நாம் எங்கே நிற்கிறோம் என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

இருவருக்கு இரு கட்டளைகள்

முஃமின்களின் செல்வத்தில் கேட்பவருக்கும், கேளாமல் ஒதுங்கி நிற்கும் ஏழைக்கும் உரிமை உண்டு என்று அத்தாரியாத் சூராவிலும் அல்மஆரிஜ் சூராவிலும் அல்லாஹுதஆலா குறிப்பிடுகிறான். 'உரிமை' என்ற சொல்லைக் கவனியுங்கள். நாம் இடுவது நம் தயவன்று. நம் பொருளில் கலந்திருக்கும் அவர்களுடைய பங்கு. யாசிப்பவரை விரட்டாதீர் என்று வள்ளுஹா சூராவில் நபி (ஸல்) அவர்களுக்கே கட்டளை வந்தது. கொடுத்துவிட்டு மனத்தைப் புண்படுத்துவதைவிட, ஒரு நல்ல வார்த்தை கூறி அனுப்புவது மேல் என்று பகரா சூரா போதிக்கிறது. வாசலில் வந்து நிற்கும் மிஸ்கீனுக்குக் கொடுக்க வீட்டில் எதுவும் இல்லையே என்று ஒரு ஸஹாபிப் பெண்மணி வருந்தியபோது, கருகிய ஆட்டுக் குளம்பு ஒன்றுதான் அகப்பட்டதென்றாலும் அதையே கையில் கொடுத்தனுப்பும்படி பெருமானார் (ஸல்) அவர்கள் அருளினார்கள்.

இவை கொடுப்பவருக்குச் சொன்னவை. கேட்பவருக்கு எச்சரிக்கை வேறு விதமாக வந்தது. ஓயாமல் மனிதர்களிடம் கேட்டுத் திரிபவன் மறுமையில் முகத்தில் சதைத் துணுக்கும் இன்றி வருவான் என்ற கருத்திலமைந்த ஹதீஸை இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்க, புகாரி, முஸ்லிம் இரு நூல்களிலும் அது பதிவாகியுள்ளது. பொருளைப் பெருக்கிக்கொள்வதற்காகக் கேட்பவன் நெருப்புக் கங்குகளைக் கேட்கிறான் என்பது மற்றொரு ஹதீஸின் கருத்து. கயிற்றை எடுத்துக்கொண்டு சென்று விறகுக் கட்டை முதுகில் சுமந்து வந்து விற்பது, மக்கள் கொடுத்தாலும் மறுத்தாலும் அவர்களிடம் கேட்பதைவிட மேலானது என்பது இன்னொன்று.

இங்கேதான் நாம் தடுமாறுகிறோம். கொடுப்பவருக்குச் சொன்னதைக் கேட்பவர் ஓதுகிறார்; கேட்பவருக்குச் சொன்னதைக் கொடுப்பவர் ஓதுகிறார். வாசலில் நிற்பவர் "கேட்பவரை விரட்டாதீர் என்று குர்ஆனே சொல்கிறதே" என்கிறார். திண்ணையில் இருப்பவர் "உழைத்துப் பிழைக்கும்படி நபிகள் சொல்லவில்லையா?" என்கிறார். இருவரும் சொல்வது உண்மையே. ஆனால் ஒவ்வொருவரும் அடுத்தவருக்கு வந்த கட்டளையைத் தமக்குக் கேடயமாக்கிக்கொண்டார்கள். கொடுப்பவர் தம் பாடத்தையும் கேட்பவர் தம் பாடத்தையும் படித்திருந்தால் இந்தத் தர்க்கமே எழுந்திராது.

யாருக்கு அனுமதி?

கபீஸா இப்னு முகாரிக் (ரலி) என்ற ஸஹாபி, பிறருக்காக ஒரு கடன் பொறுப்பைத் தலைமேல் ஏற்றுக்கொண்டு உதவி நாடி வந்தார்கள். ஸதகாப் பொருள் வரும்வரை காத்திருக்கச் சொன்ன நபி (ஸல்) அவர்கள், மூன்று பேருக்கன்றிக் கேட்பது ஆகாது என்று விளக்கினார்கள். முஸ்லிம் ஷரீபில் உள்ள இந்த ஹதீஸின்படி அம்மூவர்:

1. இரு தரப்பாரைச் சமாதானம் செய்து வைப்பது போன்ற காரியத்துக்காகப் பிறர் பொறுப்பைத் தாம் ஏற்றுக்கொண்டவர். அது தீரும்வரை கேட்கலாம். பின்னர் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

2. பேரிடரால் பொருள் முழுவதையும் இழந்தவர். பிழைப்புக்கு ஓர் ஆதாரம் கிடைக்கும்வரை கேட்கலாம்.

3. வறுமையில் விழுந்தவர். இவர் வறுமைக்கு ஆளாகிவிட்டார் என்று அவருடைய கூட்டத்தாரில் அறிவுடைய மூவர் சாட்சி சொல்ல வேண்டும்.

இவை தவிர மற்ற வகையில் கேட்டுப் பெறுவது ஹராமான உணவு என்று அந்த ஹதீஸ் முடிகிறது. இதில் இரண்டு நுட்பங்கள் உள்ளன. ஒன்று, மூவருக்கும் ஓர் எல்லை உண்டு. கேட்பது வாழ்நாள் தொழிலாகிவிட இடமே இல்லை. இரண்டு, மூன்றாமவருக்காக அவருடைய கூட்டத்தார் பேச வேண்டும். அதாவது, ஒருவர் பசித்திருப்பதை அவர் சொல்லித்தான் அறிய வேண்டிய நிலையில் அவருடைய மஹல்லா இருக்கக் கூடாது.

ஒரு கோடரியின் பாடம்

அபூதாவூத் நூலில் அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. அன்ஸாரிகளில் ஒருவர் உதவி கேட்டு வந்தார். "வீட்டில் ஏதும் இல்லையா?" என வினவினார்கள் ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்கள். பாதியை விரித்துப் பாதியைப் போர்த்திக்கொள்ளும் ஒரு முரட்டுத் துணியும், தண்ணீர் குடிக்கும் ஒரு பாத்திரமும் இருப்பதாகச் சொன்னார். இரண்டையும் கொண்டுவரச் செய்து, தங்கள் கரத்திலேயே ஏந்தி ஏலம் கூறினார்கள். ஒருவர் ஒரு திர்ஹத்துக்குக் கேட்டார். "கூடுதலாகத் தருவோர் உண்டா?" என்று மீண்டும் மீண்டும் கேட்க, இன்னொருவர் இரண்டு திர்ஹம் கொடுத்து வாங்கினார். ஒரு திர்ஹத்துக்குக் குடும்பத்துக்கு உணவும், மறு திர்ஹத்துக்கு ஒரு கோடரியும் வாங்கிவரப் பணித்தார்கள். கோடரி வந்ததும் தங்கள் முபாரக்கான கையாலேயே அதற்குப் பிடி போட்டார்கள். விறகு வெட்டி விற்கும்படியும், பதினைந்து நாட்களுக்குக் கண்ணில் படக் கூடாதென்றும் சொல்லி அனுப்பினார்கள். அவர் திரும்பி வந்தபோது கையில் பத்துத் திர்ஹம் இருந்தது. அதில் சிறிதுக்குத் துணியும் சிறிதுக்கு உணவும் வாங்கினார்.

சிறு வயதிலிருந்து மதரஸாவில் கேட்ட வரலாறுதான். ஆனால் இதைச் சொல்லிவிட்டு, "பார்த்தீர்களா, உழைக்கச் சொன்னார்கள்" என்று முடித்துவிடுகிறோம். நடந்ததை மறுபடியும் வரிசைப்படுத்திப் பாருங்கள். முதலில் விசாரித்தார்கள். அவரிடம் இருப்பதை அறிந்தார்கள். அதற்கு நல்ல விலை கிடைக்கத் தாங்களே முயன்றார்கள். கருவி வாங்குமுன் பட்டினி கிடக்கும் குடும்பத்துக்கு உணவு போய்ச் சேர ஏற்பாடு செய்தார்கள். கருவியைச் செம்மை செய்து கொடுத்தார்கள். தவணை குறித்தார்கள். "போய் உழை" என்று ஒரு வார்த்தையில் கைகழுவி விடுவதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். உழைக்கச் சொல்பவர் கோடரிக்குப் பிடி போட்டுக் கொடுக்கக் கடமைப்பட்டவர்.

நம் ஷாபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் நவவி (ரஹ்) அவர்கள், ஹிஜ்ரி 676இல் (1277) மறைந்தவர்கள், ஜகாத்தின் அளவைப் பற்றிப் பேசும்போது, தொழில் தெரிந்தவருக்கு அத்தொழிலுக்குரிய கருவியை வாங்கும் அளவுக்குக் கொடுக்க வேண்டும். வியாபாரம் தெரிந்தவருக்கு அதற்கான முதலைக் கொடுக்க வேண்டும். அது சிறிதானாலும் பெரிதானாலும் சரியே என்று 'அல்மஜ்மூஉ' நூலில் எழுதியிருக்கிறார்கள். கோடரிப் பாடம் எவ்வாறு சட்டமாக விரிந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

திண்ணைத் தோழர்கள் யாசகர்களா?

"அஸ்ஹாபுஸ்ஸுப்பா என்ற திண்ணைத் தோழர்கள் பிறர் கொடுத்ததை உண்டுதானே வாழ்ந்தார்கள்?" என்று சிலர் கேட்பதுண்டு. மஸ்ஜிதுன் நபவியில் நிழல் வேய்ந்த ஓரிடத்தில் வீடும் உறவும் இல்லாத முஹாஜிர்கள் தங்கி, நபிகளாரிடம் தீனைக் கற்றார்கள். இருவருக்கு உணவுள்ளவர் மூன்றாமவரை அழைத்துச் செல்லட்டும் என்று நபி (ஸல்) அவர்கள் மதீனாவாசிகளிடம் அவர்களைப் பகிர்ந்தளித்தார்கள். உணவு அவர்களைத் தேடி வந்தது. அவர்கள் உணவைத் தேடிக் கதவுகளைத் தட்டவில்லை. தன்மானத்தால் கேளாதிருப்பதைக் கண்டு, அறியாதவர் அவர்களைச் செல்வந்தர் என எண்ணிக்கொள்வார் என்று பகரா சூராவின் 273ஆம் ஆயத் வர்ணிக்கும் ஏழைகள் இவர்களே என்று முபஸ்ஸிர்கள் பலர் கூறுவர். பசியின் கொடுமையால் அபூஹுரைரா (ரலி) அவர்கள் வழியில் அமர்ந்து, கடந்து செல்பவரிடம் ஓர் ஆயத்தைப் பற்றி விளக்கம் கேட்பார்கள். வீட்டுக்கு அழைத்துச் செல்வார்களோ என்ற எதிர்பார்ப்புத்தான். "பசிக்கிறது" என்ற சொல் வாயிலிருந்து வராது. முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டவர்கள் நபி (ஸல்) அவர்கள்தாம். ஒரு கிண்ணம் பால் வந்தபோது திண்ணைத் தோழர் அனைவரையும் அழைத்துவரச் செய்து, எல்லோரும் அருந்திய பின்னரே தாங்கள் அருந்தினார்கள்.

பிஃரு மஊனாவில் ஷஹீதாக்கப்பட்ட காரிகளைப் பற்றி அனஸ் (ரலி) அவர்கள் கூறுவதையும் மறந்துவிடலாகாது. இரவில் குர்ஆனைக் கற்பார்கள். பகலில் பள்ளிக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைப்பார்கள். விறகு சேகரித்து விற்று, அந்தப் பணத்தில் திண்ணைத் தோழர்களுக்கும் ஏழைகளுக்கும் உணவு வாங்குவார்கள். கல்வியும் உழைப்பும் ஈகையும் ஒரே மனிதரிடம் கூடியிருந்த காலம் அது.

இதை அடிப்படையாகக் கொண்டே, மார்க்கக் கல்வியில் ஈடுபட்டு அதனால் சம்பாதிக்க இயலாதவருக்கு ஜகாத் கொடுக்கலாம். ஆனால் நபிலான வணக்கங்களில் மூழ்கிச் சம்பாத்தியத்தை விட்டவருக்குக் கொடுக்கலாகாது என்று நவவி இமாம் பிரித்துக் காட்டுகிறார்கள். கல்வியின் பயன் சமூகத்துக்குப் பொதுவானது. நபில் வணக்கத்தின் பயன் அவரவருக்கு உரியது என்பதே காரணம்.

கேளாமல் வந்ததும், கேட்டு வந்ததும்

ஹக்கீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்கள் ஒருமுறை கேட்டார்கள், கிடைத்தது. மறுபடியும் கேட்டார்கள், கிடைத்தது. மூன்றாம் முறையும் கொடுத்த பின்னரே நபி (ஸல்) அவர்கள் அறிவுரை கூறினார்கள்: செல்வம் பசுமையும் இனிமையும் உள்ளது, பேராசையோடு எடுப்பவருக்கு அதில் பரக்கத் இராது, மேலுள்ள கை கீழுள்ள கையைவிடச் சிறந்தது. அன்றிலிருந்து யாரிடமும் எதையும் பெறுவதில்லை என்று ஹக்கீம் அவர்கள் சத்தியம் செய்தார்கள். கலீபா அபூபக்ர் (ரலி) அவர்கள் அவருக்குரிய பங்கைக் கொடுக்க அழைத்தபோதும் மறுத்தார்கள். உமர் (ரலி) அவர்கள் அழைத்தபோதும் மறுத்தார்கள். "நான் கொடுத்தேன், இவர் வாங்கவில்லை, நீங்கள் சாட்சி" என்று மக்களிடம் உமர் (ரலி) அவர்கள் சொல்ல வேண்டியதாயிற்று. கொடுத்த பிறகுதான் அறிவுரை வந்தது என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும். கொடாமல் அறிவுரை மட்டும் வழங்குவது நமக்கு எளிதாக வருகிறது.

கேளாமலும் ஆசைப்படாமலும் வருவதைப் பெற்றுக்கொள்ளலாம் என உமர் (ரலி) அவர்களுக்கு நபிகளார் அனுமதி கொடுத்தார்கள். பிற்காலத்தில் ஸூபியாக்கள் இதையே தங்கள் கான்காக்களின் வழியாக்கிக்கொண்டார்கள். கேட்காமல் வரும் காணிக்கையை 'புதூஹ்' என்பார்கள். கேட்பதில்லை, வந்ததை மறுப்பதில்லை, வந்ததைச் சேர்த்து வைப்பதில்லை என்பது சிஷ்திய்யாப் பெரியார்களின் ஒழுங்கு. 13ஆம் நூற்றாண்டில் அஜோதனில் வாழ்ந்த ஷைகு பரீதுத்தீன் கஞ்ஜேஷகர் (ரஹ்) அவர்களின் ஜமாஅத்கானாவில் சில வேளைகளில் 'ஸன்பீல்' என்ற கூடை ஊருக்குள் போய் வந்ததும் உண்டு. ஆனால் அங்கே சீடர்கள் காட்டுக் கனிகளைப் பறித்து வந்து வேகவைத்து உண்டே பெரும்பாலும் நாள் கழித்தார்கள். ஒருநாள் அந்த உணவுக்குக் கடனாக உப்பு வாங்கிப் போட்டார் சீடர் நிஜாமுத்தீன் (ரஹ்). அதை அறிந்த ஷைகு அவர்கள் உணவைத் தொடவில்லை. நாவின் ருசிக்காகக் கடன்படுவதைவிடப் பசியில் இறப்பது தர்வேஷுக்கு மேல் என்று கண்டித்ததாக வரலாறு. அந்தச் சீடரே பின்னாளில் டில்லியில் ஆயிரமாயிரம் பேருக்கு உணவளித்த நிஜாமுத்தீன் அவ்லியா (ரஹ்) அவர்கள், 1325இல் மறைந்தார்கள். வெள்ளிக்கிழமைதோறும் ஜும்ஆவுக்குப் புறப்படுமுன் களஞ்சியத்தைக் காலி செய்து பெருக்கச் சொல்வது அவர்கள் வழக்கம். மறுபுறம், பல்கின் இப்ராஹீம் இப்னு அத்ஹம் (ரஹ்) அவர்கள் அறுவடைக் கூலியாகவும் தோட்டக் காவலாளியாகவும் உழைத்தே உண்டார்கள்.

நம் தமிழகத்திலும் இலங்கையிலும் பக்கீர்சாக்கள், பாவாக்கள் என்று ஒரு பிரிவினர் தாயிரா கொட்டிப் பாடி வருகிறார்கள். ரிபாயீ, பானவா, ஜலாலி, மதாரி என்று அவர்களுக்குள் கூட்டங்கள் உண்டு. ரமலானில் ஸஹருக்கு ஊரை எழுப்பினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத மக்களிடம் நபிமார் வரலாறுகளையும், மெய்ஞ்ஞானப் பாடல்களையும் வாய்மொழியாகக் கொண்டு சேர்த்தவர்களும் அவர்களே. செய்த வேலைக்கு நன்றியோடு கொடுத்ததை நாம் யாசகம் என்று எண்ணிவிட்டோம். அலாரமும் ஒலிபெருக்கியும் வந்து அவர்கள் வேலையைப் பறித்த பின், ஏந்திய கை மட்டும் எஞ்சிற்று. அந்தக் கையை ஏளனம் செய்வது நியாயமன்று. அவர்கள் பிள்ளைகளுக்குக் கல்வியும் தொழிலும் கிடைக்க வழி செய்வதே நியாயம். ஷரீஅத்தைப் பேணாமல், கஞ்சா புகையில் மயங்கி, "நான் பக்கீர்" என்று கை நீட்டுபவருக்கு அந்தப் பெயர் பொருந்தாது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இன்று நாம் நிற்கும் இடம்

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வேறு தொழிலின்றி யாசகத்தில் வாழ்வோராகக் கணக்கிடப்பட்டவர்கள் நாட்டில் சுமார் 3 இலட்சத்து 70 ஆயிரம் பேர். அவர்களில் 92 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் முஸ்லிம்கள். மக்கள்தொகையில் நாம் ஏழில் ஒரு பங்கு. யாசிப்பவரில் நான்கில் ஒரு பங்கு. ஜகாத் கடமையாக்கப்பட்ட ஒரு சமுதாயத்தின் கணக்கு இது. சட்டம் போட்டுத் தடுத்தும் பார்த்தார்கள். சென்னை மாகாணத்தில் 1945இலும் பம்பாயில் 1959இலும் யாசகத் தடைச் சட்டங்கள் வந்தன. டில்லியில் யாசிப்பதைக் குற்றமாக்கிய விதிகளை அங்குள்ள உயர் நீதிமன்றம் 2018இல் ரத்து செய்தது. வேறு வழியற்றவர்களைத் தெருவிலிருந்து அகற்றும் உத்தரவைப் பிறப்பிக்க 2021இல் உச்ச நீதிமன்றமும் மறுத்துவிட்டது. வறுமையைச் சிறையில் அடைக்க முடியாது என்பதை உமர் (ரலி) அவர்கள் அன்றே உணர்ந்திருந்தார்கள். யாசித்து நின்ற பார்வையற்ற யூத முதியவர் ஒருவரைக் கண்டு, வாலிபத்தில் வரி வாங்கிவிட்டு முதுமையில் கைவிடுவது நீதியன்று என்று கூறி, பைத்துல்மாலிலிருந்து அவருக்கு உதவ ஏற்பாடு செய்ததை இமாம் அபூயூசுப் (ரஹ்) அவர்கள் எழுதி வைத்துள்ளார்கள்.

கொடுப்பவர்கள் செய்யும் தவறுக்கும் நெஞ்சை உலுக்கும் உதாரணங்கள் உண்டு. 2020 மே 21ஆம் நாள், ரமலானின் இறுதியில், கொழும்பு மாளிகாவத்தையில் ஒரு செல்வந்தர் பணம் பகிர்ந்தளித்தபோது நெரிசலில் மூன்று பெண்கள் உயிரிழந்தார்கள். 2008 ரமலானில் இந்தோனேசியாவின் பசுருவானில் ஜகாத் பெற வந்த 21 பெண்கள் அவ்வாறே இறந்தார்கள். 2023 ரமலானில் ஏமனின் ஸன்ஆவில் எண்பது பேருக்குக் குறையாமல் மாண்டார்கள். கொடுத்தவர்களின் நிய்யத்தை அல்லாஹ் அறிவான். ஆனால் ஏழையின் உரிமையை அவர் இல்லத்துக்குக் கொண்டு சேர்க்காமல், அவரை வெயிலில் வரிசையில் நிறுத்தி, முண்டியடிக்க வைத்து, கையில் ஒரு தாளைத் திணிப்பது எந்த ஸுன்னத்?

'குமர் காரியம்'

ஜும்ஆ முடிந்ததும் ஒருவர் எழுந்து நின்று, "குமர் காரியம், உதவுங்கள்" என்று தழுதழுத்த குரலில் கேட்பதை நாம் அனைவரும் அறிவோம். அவர் கையில் ஜமாஅத்தின் கடிதம் இருக்கும். ஊர் ஊராகப் போவார். பெண்ணைப் பெற்ற குற்றத்துக்காக ஒரு கண்ணியமான மனிதர் முகத்தின் சதையை விற்று வருகிறார்.

அவரைக் கேட்க வைத்தவர் யார்? மாப்பிள்ளை வீட்டார். பெண்களுக்கு மஹரை மனமுவந்து கொடுங்கள் என்று நிஸா சூரா ஆணையிட்டிருக்க, கொடுக்க வேண்டியவர் கை நீட்டுகிறார். கைக்கூலி, சீதனம், சீர் என்று பெயர் எதுவானாலும் அது கேட்டுப் பெறுவதுதான். கபீஸா (ரலி) அவர்களுக்குச் சொல்லப்பட்ட மூவரில் இந்த மாப்பிள்ளை எவர்? கடன் பொறுப்பேற்றவரா, பேரிடரில் இழந்தவரா, வறுமைக்கு மூவர் சாட்சி சொன்னவரா? கிழிந்த சட்டையோடு கேட்டால் யாசகன் என்கிறோம். அத்தர் மணக்கும் உடையில் நாற்காலியில் அமர்ந்து கேட்டால் சம்பந்தி என்கிறோம்! உண்மையான யாசகர் பள்ளிவாசலில் எழுந்து நின்றவர் அல்லர்.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவது, வாசலில் வருபவரிடம் பேசும் பேச்சு. "பாத்திரமறிந்து பிச்சையிடு" என்பார்கள். ஜகாத்துக்கு அது சரி. நல்ல வார்த்தைக்குப் பாத்திரம் பார்க்க வேண்டியதில்லை. கொடுக்க இயலாவிட்டால் கனிவாகச் சொல்லி அனுப்புங்கள். பிள்ளைகளை விட்டு விரட்டாதீர்கள். அவர்கள் கற்றுக்கொள்வது அதைத்தான்.

இரண்டாவது, ஜகாத்தைச் சில்லறையாக்காதீர்கள். நூறு பேருக்குச் சிறு நோட்டாகப் பிரித்தால் நூறு பேரும் அடுத்த ரமலானிலும் வருவார்கள். ஒருவருக்குத் தையல் இயந்திரமோ, தள்ளுவண்டியோ, கறவை மாடோ கிடைத்தால் அவர் வரிசையிலிருந்து விலகுவார்; சில ஆண்டுகளில் அவரே ஜகாத் கொடுக்கவும் கூடும். தனியாக இயலாவிட்டால் மஹல்லாவில் நான்கு குடும்பங்கள் சேர்ந்து செய்யலாம். முதியவர்கள், நோயாளிகள், ஆதரவற்ற விதவைகள் ஆகியோருக்குக் கோடரி பயன்படாது; அவர்களுக்கு மாதந்தோறும் வீடு தேடிச் செல்லும் உதவி வேண்டும்.

மூன்றாவது, கேளாதவரைத் தேடுங்கள். ஓரிரு கவளத்துக்காகவும் ஓரிரு பேரீச்சம்பழத்துக்காகவும் சுற்றி வருபவரல்லர் மிஸ்கீன். போதுமான வசதியின்றியும், பிறர் கவனத்தில் படாமலும், எழுந்து கேளாமலும் இருப்பவரே மிஸ்கீன் என்ற கருத்தில் நபிமொழி உண்டு. அவர் அடுத்த தெருவில், வெளுத்த சட்டையோடு, நமக்கு முன்னால் ஸலாம் சொல்லிக்கொண்டு இருப்பார். அவரை அறிய ஆண்களைவிட வீட்டுப் பெண்களால் முடியும். அடுப்பு எரியாத வீடு எது என்பது அண்டை வீட்டுப் பெண்ணுக்குத் தெரியும்.

நான்காவது, ஜமாஅத் கடிதம். வறுமைக்குச் சாட்சி சொல்லும் அறிவுடைய மூவரின் இடத்தில் இன்று இருப்பது ஜமாஅத் நிர்வாகம். கடிதம் கொடுத்து வெளியூருக்கு அனுப்புவதோடு அப்பொறுப்பு தீர்ந்துவிடாது. முதலில் தம் ஊரில் திரட்ட முயல வேண்டும். பொய்யான கடிதமும் கொடுக்கக் கூடாது.

ஐந்தாவது, உங்கள் மகனின் நிக்காஹ் பேச்சில் கை மேலே இருக்கட்டும். பத்து ஏழைப் பெண்களின் திருமணத்துக்கு நன்கொடை கொடுத்துவிட்டு, தம் மகனுக்குக் கைக்கூலி பேசுபவர், ஒரு கையால் நட்டதை மறு கையால் பிடுங்குகிறார்.

வல்ல அல்லாஹ் நம் கைகளைக் கொடுக்கும் கைகளாகவும், நம் நாவைக் கனிவான நாவாகவும் ஆக்கி, தேவையுள்ளோரை அவர்கள் கேட்குமுன் அறியும் கண்களையும் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.